வத்தளை ஒரு ஊரா? ஆற்றுக்கு அப்பால் தள்ளப்பட்டவர்களின் கதை

“தம்பி எந்த ஊர்?”

“வத்தளை.”

“அது சரி, சொந்த ஊர்?”

எங்களில் வத்தளையிலும் ஹெந்தளையிலும் மாபோளையிலும் வளர்ந்த எல்லாருக்கும் இந்த மூன்று வரி மனப்பாடம். கலியாண வீட்டில், செத்த வீட்டில், கோயில் வாசலில், வேலைக்குப் போன முதல் நாளில் என்று எங்கே போனாலும் இதே கேள்வி. வத்தளை என்றால் அது விலாசம் மட்டும்தான். ஊர் என்றால் பருத்தித்துறையாக இருக்க வேண்டும், ஆரையம்பதியாக இருக்க வேண்டும், அட்டனாக இருக்க வேண்டும். அம்மம்மாவின் கிணறும் அப்பப்பாவின் லயமும் எங்கே இருந்ததோ அதுதான் ஊர். நாங்கள் பிறந்து, பள்ளிக்கூடம் போய், முதல் சண்டை பிடித்து, முதல் சம்பளம் எடுத்த இடம் ஊர்க் கணக்கில் வராது.

கேட்பவர்களில் குற்றம் சொல்ல மாட்டோம். வத்தளையில் இருக்கிற எங்கட ஆட்களே அப்படித்தான் பேசுகிறார்கள். இருபது வருடம் இருந்து, வீடு கட்டி, மேல்மாடியும் போட்டு வாடகைக்கு விட்டவர்கூட “இங்க சும்மா தங்கியிருக்கிறம்” என்றுதான் சொல்வார். ஏன் அப்படிச் சொல்கிறார்கள் என்று யோசித்தபோதுதான் இந்த இடத்தின் வரலாற்றைக் கொஞ்சம் தோண்டிப் பார்க்கத் தோன்றியது. தோண்டத் தோண்ட, ‘சும்மா தங்கியிருக்கிறவர்கள்’ நாங்கள் மட்டும் இல்லை என்று தெரிந்தது. முந்நூறு வருடங்களாக இந்தப் பக்கம் அப்படிப்பட்ட ஆட்களால்தான் நிறைந்திருக்கிறது.

ஆற்றைக் கடப்பது

வத்தளையைப் புரிந்துகொள்ள முதலில் களனி ஆற்றைப் பார்க்க வேண்டும். கொழும்பு நகரத்தின் வடக்கு எல்லை இந்த ஆறுதான். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நகரம், அந்தப் பக்கம் பேலியகொடை, பிறகு வத்தளை, மாபோளை, வெலிசறை, கந்தானை, ஜா-எல என்று நீர்கொழும்பு வரைக்கும் நீளும் றோட்டு. 240 ஆம் இலக்க பஸ்ஸில் ஏறினவர்களுக்கு இந்த வரிசை தெரியும்.

ஆற்றங்கரையில் இருக்கிற ஒரே பகுதிக்கு மூன்று மொழியில் மூன்று பெயர் உண்டு. ஆங்கிலத்தில் கிராண்ட்பாஸ், இது போர்த்துக்கீசர் ‘பெரிய கடவை’ என்ற பொருளில் வைத்த பெயரின் மிச்சம். சிங்களத்தில் தொட்டலங்க, அதாவது தோணித்துறைக்குப் பக்கம். தமிழில் பாலத்துறை. மூன்று பெயருக்கும் ஒரே நினைவு: இது ஆற்றைக் கடக்கிற இடம். ஊரின் பெயருக்குள்ளேயே கடப்பது இருக்கிறது.

1822 இல் பிரித்தானியர் இங்கே படகுகளை வரிசையாகக் கட்டி, மேலே பலகை போட்டு ஒரு மிதவைப் பாலம் அமைத்தார்கள். எழுபது வருடத்துக்கு மேல் கொழும்பிலிருந்து வடக்கே போன வண்டிகள் இந்தப் படகுப் பாலத்தில்தான் போயின. 1895 இல் இரும்பால் கட்டிய விக்டோரியா பாலம் வந்தது. பிறகு 1959 இல் புதிய களனிப் பாலம், 2021 இல் அதற்குப் பக்கத்தில் வடங்களில் தொங்கும் ‘கல்யாணி’ பாலம். பாலங்கள் கூடக்கூடக் கடப்பது சுலபமானதா என்றால், காலை ஏழரை மணிக்கு பேலியகொடைச் சந்தியில் நின்று பார்ப்பவர்கள் பதில் சொல்லட்டும்.

மழைக்காலத்தில் வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ‘நாகலகம் வீதியில் களனி ஆற்றின் நீர்மட்டம் இத்தனை அடி’ என்று சொல்வார்கள். மற்ற ஊர்க்காரருக்கு அது ஒரு செய்தி. ஆற்றங்கரையில் இருப்பவர்களுக்கு அது பிள்ளைகளின் புத்தகங்களை அலுமாரிக்கு மேல் ஏற்றுவதா இல்லையா என்ற முடிவு. 1989 வெள்ளத்தையும் 2016 வெள்ளத்தையும் இந்தப் பக்கத்தில் வயதுக் கணக்குக்கே பயன்படுத்துவார்கள்: “மூத்தவன் வெள்ளத்துக்கு முதல் வருசம் பிறந்தவன்.”

உப்புத் தண்ணீரும் ஒரு கால்வாயும்

றோட்டுக்கு மேற்கே, கடலுக்கும் மனிதக் குடியிருப்புக்கும் இடையே முத்துராஜவெல இருக்கிறது. நீர்கொழும்புக் களப்புடன் ஒட்டிய பெரிய சதுப்பு நிலம், மூவாயிரம் ஹெக்டேயர் அளவில். ஒரு காலத்தில் இது அரசர்களின் நெல்வயலாக இருந்தது என்பது வழக்கில் உள்ள கதை. பெயரிலேயே வயல் இருக்கிறது. கடல் நீர் உள்ளே வந்து வயல் உவரானது. ஒல்லாந்தர் கறுவாவும் பாக்கும் ஏற்றிச் செல்ல வெட்டிய கால்வாய்கள் இந்தப் பாதிப்பைக் கூட்டின.

ஆட்சி கைமாறி பிரித்தானியர் வந்ததும் உப்புத் தண்ணீரை வெளியேற்ற ஒரு புதிய கால்வாய் வெட்டினார்கள். 1802 இல் தொடங்கி 1804 இல் முடிந்தது. வருமானப் பகுதிக்குப் பொறுப்பாக இருந்த கவின் ஹமில்டனின் பெயர் அதற்கு வந்தது. வத்தளையில் வளர்ந்த பிள்ளைகளுக்கு ‘ஹமில்டன் கெனல்’ என்றால் மீன்பிடிக்கிற இடம், பின்னேரம் நடக்கிற இடம், சில வேளை குப்பை மிதக்கிற இடம். ஆனால் வெட்டிய நோக்கம் நிறைவேறவில்லை. கடல் ஏறுகிறபோது உப்புத் தண்ணீர் அதே வழியால் திரும்பி உள்ளே வந்தது. வயல் திரும்பவில்லை. சதுப்பு சதுப்பாகவே நின்றது.

அப்படி நின்றது நல்லதற்குத்தான் என்று இப்போது சொல்கிறார்கள். மழை வெள்ளத்தை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல மெல்லக் கடலுக்கு விடுவது இந்தச் சதுப்புதான். 1996 இல் இதன் வடபகுதி சரணாலயமாகப் பிரகடனம் செய்யப்பட்டது. ஆனால் சதுப்பைப் ‘பயனில்லாத நிலம்’ என்று பார்க்கிற கண் மாறவில்லை. 2013 இல் திறந்த கட்டுநாயக்க அதிவேகப் பாதை சதுப்பை ஊடறுத்துப் போகிறது. அதன் ஓரங்களில் மண் கொட்டி நிரப்புவதும் நடக்கிறது. ‘பயனில்லாத நிலம்’ என்ற இந்தப் பார்வையை நினைவில் வைத்திருங்கள். இனி வரும் கதைக்கு அது தேவை.

நகரம் பார்க்க விரும்பாதவை

1708 ஆம் ஆண்டு. ஒல்லாந்தர் ஆட்சி. கொழும்பில் தொழுநோய் பரவுகிறது என்ற பயம். நோயாளிகளை எங்கே வைப்பது? ஆற்றுக்கு அப்பால், கடலுக்குப் பக்கத்தில், ஹெந்தளையில். அந்தத் தொழுநோய் வைத்தியசாலை மூன்று நூற்றாண்டு தாண்டியும் அதே இடத்தில் இருக்கிறது. ஒல்லாந்தர் போனார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள், போனார்கள். ஹெந்தளையின் மதில் நின்றது. 1901 இல் வந்த தொழுநோயாளர் கட்டளைச் சட்டம் நோயாளிகளைக் கட்டாயமாகப் பிரித்து வைக்க அதிகாரம் கொடுத்தது. மட்டக்களப்பு வாவியில் இருக்கிற மாந்தீவின் கதை தெரிந்த கிழக்கிலங்கை நண்பர்களுக்கு இது புதிதாக இருக்காது. அங்கே தண்ணீர் மதில். இங்கே ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் கடல்.

1983 இல் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் புதிய சிகிச்சை இலங்கைக்கு வந்தது. அதன் பிறகு தொழுநோய் மற்ற நோய்களைப் போல மருந்தால் மாறுகிற நோய்தான். அடைத்து வைக்க ஒரு காரணமும் இல்லை. ஆனாலும் குணமான சிலர் ஹெந்தளையிலேயே தங்கிவிட்டார்கள். வீடு ஏற்கவில்லை, அல்லது போவதற்கு வீடு என்று ஒன்று மிஞ்சவில்லை. ‘சொந்த ஊர் எது’ என்ற கேள்வியை அவர்களிடம் கேட்டிருந்தால் என்ன பதில் வந்திருக்கும் என்று நாங்கள் யோசித்ததுண்டு.

இனி ராகமை. வத்தளையிலிருந்து கிழக்கே கொஞ்சத் தூரம். மலைநாட்டுக்குப் போகும் ரயிலும் நீர்கொழும்பு, புத்தளம் போகும் ரயிலும் பிரிகிற நிலையம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் இந்தியாவில் பிளேக் பரவியபோது, தூத்துக்குடியிலிருந்து கப்பலில் கொழும்பு வந்து இறங்கிய தோட்டத் தொழிலாளர்களை நகரத்துக்குள் விடவில்லை. நேரே ராகமை முகாமுக்குக் கொண்டுபோய், தடுத்துவைத்து, நோய் இல்லை என்று கண்ட பிறகு அங்கிருந்தே ரயிலில் மலைக்கு அனுப்பினார்கள். பிறகு அந்த வேலை கடலுக்கு அப்பால் மண்டபம் முகாமுக்குப் போனது. இடையில் 1901 இல் தென்னாபிரிக்கப் போரில் பிடிபட்ட போயர் கைதிகளில் ஒரு பகுதியினரையும் இதே ராகமையில்தான் வைத்திருந்தார்கள்.

மலையகத்து மக்களின் வரலாற்றை எழுதுகிறவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியாக நடந்ததை எழுதுகிறார்கள். எழுதத்தான் வேண்டும். ஆனால் எத்தனையோ பேரின் பாட்டன் பூட்டிகள் இந்த நாட்டில் முதலில் படுத்து எழும்பியது ராகமை முகாமில். இன்றைக்கு அட்டனிலிருந்தும் பதுளையிலிருந்தும் வந்து வத்தளைக் கடைகளில் வேலை செய்கிற பிள்ளைகள் அந்த நிலையத்தைக் கடந்துதான் வருகிறார்கள். ஒரு பலகைகூட அங்கே இதைச் சொல்வதில்லை.

பட்டியலை நீட்டலாம். காசநோய்க்கும் நெஞ்சு நோய்களுக்கும் பேர்போன வைத்தியசாலை வெலிசறையில். நகரத்துக்குள் புறக்கோட்டையில் இருந்த மொத்த மீன் சந்தை 2011 இல் ஆற்றைக் கடந்து பேலியகொடைக்கு வந்தது. 2017 ஏப்ரலில் மீதொட்டமுல்லைக் குப்பை மேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் இறந்த பிறகு, கொழும்பின் குப்பையை எங்கே கொட்டுவது என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளில் ஒன்று கெரவலப்பிட்டி. அதுவும் வத்தளைப் பக்கம்தான், முத்துராஜவெலவின் ஓரம். 2021 இல் அங்கே குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் நிலையமும் வந்தது. பக்கத்தில் 300 மெகாவாட் அனல் மின் நிலையமும் இருக்கிறது. வெளிச்சம் நகரத்துக்கு, புகை எங்களுக்கு.

2020 இல் கொரோனா வந்தபோது முதலில் வெலிசறைக் கடற்படை முகாமின் பெயர் அடிபட்டது. ஒக்டோபரில் ‘பேலியகொடை மீன் சந்தைக் கொத்தணி’. ஒரு நோய்க்கு எங்கட இடத்தின் பெயர் வைக்கப்பட்டுவிட்டது. வேலைக்குப் போனால் “நீங்க வத்தளைப் பக்கமா?” என்று இரண்டடி தள்ளி நின்று கேட்டார்கள். 1708 க்கும் 2020 க்கும் இடையே மருத்துவம் எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆற்றைப் பார்க்கிற பார்வை மட்டும் அப்படியே இருக்கிறது.

இங்கிருந்து போன குரலும் படமும்

இதோடு நிறுத்தினால் வத்தளை என்பது கொழும்பின் பின்வளவு என்ற முடிவுக்குத்தான் வர வேண்டும். அது பாதி உண்மை. மறு பாதியை எங்கட ஆட்களே அதிகம் பேசுவதில்லை. இந்த நீர்கொழும்பு வீதிதான் இந்த நாட்டுக்குச் சினிமாவையும் வானொலியையும் கொடுத்த வீதி.

முதல் சிங்களப் பேசும் படம் ‘கடவுனு பொறொந்துவ’. 1947 யனவரி 21 இல் வெளியானது. தயாரித்தவர் எஸ். எம். நாயகம் என்ற தமிழர். படம் எடுத்தது மதுரையில், அவருடைய சித்ரகலா மூவிடோனில். பிறகு இலங்கையிலேயே படம் எடுக்க வேண்டும் என்று நாயகம் ஸ்டூடியோ கட்டிய இடம் கந்தானை. பெயர் ஸ்ரீ முருகன் நவகலா. சிங்களப் படங்கள் பிறந்த ஒரு ஸ்டூடியோவின் வாசலில் முருகனின் பெயர் இருந்தது என்பதை இன்றைக்குச் சொன்னால் நம்புவார்களோ தெரியாது. கிரிபத்கொடையில் சிறிசேன விமலவீரவின் நவஜீவன ஸ்டூடியோ இருந்தது. ஹெந்தளையில் கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்டூடியோ இருந்தது. மூன்றும் ஆற்றுக்கு வடக்கே. விலை குறைந்த காணி, நகரத்துக்குக் கிட்ட, ஆனால் நகரத்துச் சத்தம் இல்லை. நகரம் எதற்காக ஆட்களை இங்கே தள்ளியதோ அதே காரணங்கள்தான் படம் எடுக்கிறவர்களை இங்கே இழுத்தன.

அந்தக் காலத்துச் சிங்களப் படங்கள் தென்னிந்தியப் படங்களின் நகல் என்ற விமர்சனம் உண்டு. பெரும்பாலும் சரியான விமர்சனம். கதையும் மெட்டும் தமிழ், இந்திப் படங்களிலிருந்து அப்படியே வந்தன. அந்தப் போக்கை மாற்றியவர் லெஸ்டர் ஜேம்ஸ் பீரிஸ் என்பதிலும் மறுபேச்சு இல்லை. ஆனால் ‘ரேகாவ’வுக்குப் பிறகு லெஸ்டர் எடுத்த ‘சந்தேசய’ (1960) படத்துக்குக் காசு போட்டவர் குணரத்தினம். நகல் எடுத்த காசும் அசல் எடுத்த காசும் ஒரே பையிலிருந்து வந்தன. வரலாறு எங்கட வசதிக்கு ஏற்ற மாதிரி நல்லவர், கெட்டவர் என்று பிரிந்து நிற்பதில்லை.

‘கடவுனு பொறொந்துவ’வின் கதாநாயகி ருக்மணி தேவி. சொந்தப் பெயர் டெய்சி ராசம்மா டானியல்ஸ். 1923 இல் றம்பொடையில் பிறந்தவர். சிங்களச் சினிமாவின் முதல் நட்சத்திரம், சிங்கள வீடுகளின் குரல். வாழ்ந்தது நீர்கொழும்பில். 1978 ஒக்டோபர் 28 இல் ஒரு நிகழ்ச்சி முடிந்து வீடு திரும்பும் வழியில், ஜா-எலவுக்குப் பக்கத்தில் துடெல்லையில், இதே றோட்டில் விபத்தில் இறந்தார். ஸ்டூடியோ வாழ்வும் கடைசி மூச்சும் ஒரே வீதியில்.

இன்னும் கொஞ்சம் உள்ளே போனால் ஏக்கல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தென்கிழக்காசியப் படையினருக்காக அமைத்த சிற்றலை ஒலிபரப்பு நிலையம், பிறகு இலங்கை வானொலியின் கைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அறுபதுகளிலும் எழுபதுகளிலும் வளர்ந்தவர்கள் இன்றைக்கும் ‘சிலோன் ரேடியோ’ என்று கண் கலங்குவார்கள். மயில்வாகனனின் குரல், கே. எஸ். ராஜாவின் குரல், அப்துல் ஹமீதின் குரல். அறிவிப்பாளர்கள் இருந்து பேசியது கொழும்பில். அந்தக் குரலைக் கடலுக்கு அப்பால் தூக்கி எறிந்தது ஏக்கலையின் கோபுரங்கள். கொழும்பு வேண்டாம் என்றதை வாங்கிக்கொண்ட அதே நிலம், கொழும்பின் குரலை உலகத்துக்குக் கொடுத்தது.

1983

1983 யூலை 23 இரவு திருநெல்வேலியில் பதின்மூன்று படையினர் கொல்லப்பட்டார்கள். 24 ஆம் திகதி இரவு பொறளைக் கனத்தையில் தொடங்கிய தீ, 25 இல் கொழும்பு முழுவதும் பரவி, ஆற்றையும் கடந்தது. ஆட்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீடு, எந்தக் கடை, எந்தத் தொழிற்சாலை என்று தெரிந்தே வந்தார்கள்.

ஹெந்தளை விஜயா ஸ்டூடியோ எரிந்தது. கட்டடமும் கருவிகளும் மட்டும் இல்லை, அங்கே வைத்திருந்த படச்சுருள்களும் எரிந்தன. அவற்றில் பெரும்பாலானவை சிங்களப் படங்களின் மூலப் பிரதிகள். ஒரு தமிழரின் சொத்தை எரிக்கிறோம் என்று வந்தவர்கள், தாங்கள் சின்ன வயதில் தியேட்டரில் விசிலடித்துப் பார்த்த படங்களைத்தான் எரித்தார்கள். படச்சுருள் வேகமாக எரியும். திரும்ப எடுக்க முடியாது. இன்றைக்கு அந்தக் காலத்துப் படங்களைத் தேடுகிற சிங்கள இளைஞர்கள் பாட்டை மட்டும் கேட்கிறார்கள், படம் இல்லை.

அதே நாட்களில், சிங்களப் படங்களை இயக்கிய கே. வெங்கட் கொல்லப்பட்டார். ‘சிரிபத்துல’ என்ற பக்திப் படத்தை எடுத்தவர். புத்தரின் பாதச்சுவட்டைத் தலைப்பாக்கிய மனிதரை அந்தப் படம் காப்பாற்றவில்லை. குணரத்தினம் அந்த யூலையில் தப்பினார். ஆறு வருடம் கழித்து, 1989 இல், தெற்கில் பிணங்கள் மிதந்த நாட்களில் சுட்டுக் கொல்லப்பட்டார். கே. எஸ். ராஜாவும் அதே வருடம் கொல்லப்பட்டார். ஒரு வீதியின் சினிமாவும் வானொலியும் இப்படித்தான் முடிந்தன.

இதை எழுதும்போது இன்னொன்றையும் சொல்லாமல் விடக்கூடாது. அந்த நாட்களில் வத்தளைப் பக்கத்தில் தப்பியவர்களில் பலர், பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்தின் அறையிலோ, தேவாலயத்திலோ ஒளிந்திருந்துதான் தப்பினார்கள். எங்கட வீடுகளில் கேட்ட கதைகளில் எரித்தவர்களுக்குப் பெயர் இல்லை; ஒளித்து வைத்தவர்களுக்குப் பெயர் இருக்கிறது. இன்ன அக்கா, இன்ன மல்லியின் அம்மா, அந்த பேக்கரி ஐயா. பிறகு அகதி முகாம், பிறகு காங்கேசன்துறைக்குக் கப்பல். ‘உங்கட சொந்த ஊருக்குப் போங்கோ’ என்று ஒரு அரசாங்கம் தன் குடிமக்களைக் கப்பலேற்றியது. கொழும்பிலேயே பிறந்தவர்களும், யாழ்ப்பாணத்தை ஒருமுறைகூடப் பார்க்காதவர்களும் அந்தக் கப்பலில் இருந்தார்கள். ‘சொந்த ஊர் எது’ என்ற கேள்வி எங்களுக்கு ஏன் சும்மா ஒரு கேள்வியாகத் தெரிவதில்லை என்று இப்போது விளங்கும்.

திரும்பி வந்தவர்கள்

போனவர்களில் சிலர் திரும்பி வந்தார்கள். பலர் கனடாவுக்கும் இலண்டனுக்கும் போனார்கள். தொண்ணூறுகளில் வடக்கிலிருந்து புதிதாக ஒரு கூட்டம் வந்தது. வெள்ளவத்தையில் வீடு எடுக்கக் காசு இருந்தவர்கள் வெள்ளவத்தைக்குப் போனார்கள். கொட்டாஞ்சேனையில் இடம் இல்லாமல் போனபோது, அதே வாடகைக்கு இரண்டு அறை கூடுதலாகக் கிடைத்த இடம் ஆற்றுக்கு அப்பால் இருந்தது. மலையகத்திலிருந்து கடை வேலைக்கும் தொழிற்சாலை வேலைக்கும் வந்தவர்கள் ஏற்கெனவே இங்கே இருந்தார்கள். நீர்கொழும்புக் கரையோரத்தில் தலைமுறையாக மீன்பிடித்த, வீட்டில் தமிழும் வெளியில் சிங்களமும் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் அதற்கும் முதலே இருந்தன. அவர்களில் பலரின் பிள்ளைகள் சிங்கள மொழியில் படித்துச் சிங்களவராகவே ஆகிவிட்டார்கள். பேரப்பிள்ளைக்குத் தமிழ் வராது. செபம் மட்டும் ஆச்சியோடு தமிழில்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி கம்பஹா மாவட்டத்தில் 23 இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள். இலங்கைத் தமிழர் என்று பதிந்தவர்கள் நூற்றுக்கு மூன்றரை அளவில். மாவட்டக் கணக்கில் இது கண்ணில் படாத எண்ணிக்கை. ஆனால் அவர்களில் பெரும்பகுதி வத்தளை, ஹெந்தளை, மாபோளை, நீர்கொழும்பு என்று இந்த ஒரே வீதியின் இருபுறமும் இருக்கிறது. 1978 இல் கம்பஹா தனி மாவட்டமாகப் பிரிந்தபோது ஆறு நிர்வாக எல்லையாகவும் ஆனது. அன்றிலிருந்து நாங்கள் கொழும்புத் தமிழர் என்று அழைக்கப்படுகிற, கொழும்பில் வாக்கு இல்லாத ஆட்கள்.

அதன் விளைவு காலையில் தெரியும். ஐந்தரை மணிக்கு வான்கள் ஓடத் தொடங்கும். தமிழில் படிக்க வேண்டும் என்றால் பெரும்பாலான பிள்ளைகள் ஆற்றைக் கடக்க வேண்டும்: கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை, பம்பலப்பிட்டி. நல்ல வசதியுள்ள தமிழ்ப் பாடசாலை இந்தப் பக்கத்தில் வேண்டும் என்ற கோரிக்கை எங்கட பெற்றோர் காலத்திலிருந்து இருக்கிறது. தேர்தலுக்குத் தேர்தல் அது மேடையேறும், பிறகு இறங்கிவிடும். எங்களில் ஒருவர் பன்னிரண்டு வருடம் தினமும் மூன்று மணித்தியாலம் வானில் இருந்ததாகக் கணக்குப் போட்டார். எல்லாவற்றையும் ஆற்றைக் கடத்தி இங்கே அனுப்பிய நகரம், பள்ளிக்கூடத்தை மட்டும் தன்னிடமே வைத்துக்கொண்டது.

யுத்த காலத்தில் வீட்டுக்கு வீடு பொலிஸ் பதிவுப் படிவம் இருந்தது. யார் இருக்கிறார்கள், எங்கிருந்து வந்தார்கள், ஏன் வந்தார்கள், எப்போது போவார்கள். கடைசிக் கேள்விதான் எங்களுக்கு விளங்கவே இல்லை. பிறந்த வீட்டில் இருக்கிற பிள்ளை எப்போது போகும்? 2007 யூன் 7 அதிகாலையில் கொழும்பு லொட்ஜ்களில் தங்கியிருந்த முந்நூற்றுக்கு மேற்பட்ட தமிழரை பஸ்களில் ஏற்றி வவுனியாவுக்கும் வேறிடங்களுக்கும் அனுப்பினார்கள். அடுத்த நாள் உயர் நீதிமன்றம் அதைத் தடுத்தது. அந்த ஒரு நாளுக்குள் இந்தப் பக்கத்து வீடுகளில் எல்லாம் ஒரு பை தயாராகிவிட்டது: அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், மின்சார பில். அந்தப் பையைச் சில அம்மாமார் இன்னும் பிரிக்கவில்லை.

ஊர் எண்டால் என்ன?

‘சும்மா தங்கியிருக்கிறம்’ என்று சொல்பவர்களின் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. அதைக் கேலி செய்ய எங்களுக்கு உரிமை இல்லை. ஆனால் அந்தப் பேச்சுக்கு ஒரு விலையும் இருக்கிறது. தங்கியிருக்கிறவன் கேள்வி கேட்க மாட்டான். சதுப்பை நிரப்பி வீடு கட்டினால் பக்கத்துத் தாழ்ந்த காணியில் தண்ணீர் ஏறும் என்று தெரிந்தும், மலிவான காணி என்று வாங்குவான். கெரவலப்பிட்டியில் புகை வந்தால் யன்னலைச் சாத்துவான். பிரதேச சபைத் தேர்தலில் வாக்குப் போட மாட்டான், அல்லது வாக்கு இன்னும் ஊரில்தான் இருக்கும். ஹெந்தளை மதிலுக்குள் இருக்கிற முதியவர்களைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்தால் “அந்தப் பக்கம் போகாத” என்று பிள்ளைக்குச் சொல்வான். நகரம் எங்களைப் பார்த்த அதே கண்ணால் நாங்கள் அவர்களைப் பார்க்கிறோம்.

வத்தளைக்கு ஒரு ஆதித் தமிழ் வரலாறு இருக்கிறது என்று நிறுவுவது எங்கட நோக்கம் இல்லை. ‘நாங்கதான் முதல்ல வந்தம்’ என்ற சண்டை இந்த நாட்டுக்கு என்ன செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். நாங்கள் சொல்வது வேறு. இங்கே கிட்டத்தட்ட யாருமே விரும்பி வந்து தொடங்கவில்லை. தொழுநோயாளி, கூலி, கைதி, காசநோயாளி, அகதி, மலிவு வாடகை தேடி வந்தவன், சந்தையோடு சேர்த்துத் தள்ளப்பட்ட மீன் வியாபாரி. அனுப்பப்பட்டவர்களும் துரத்தப்பட்டவர்களும் இருந்து இருந்து ஆக்கிய இடம் இது. சிங்களமா தமிழா முஸ்லிமா என்று பார்த்தால் பிரிந்து தெரியும். ஆற்றின் எந்தப் பக்கம் என்று பார்த்தால் ஒன்றாகத் தெரியும்.

ராகமை நிலையத்தில் ஒரு பலகை வைக்கலாம். விஜயா ஸ்டூடியோ இருந்ததையும் எரிந்ததையும் மூன்று மொழியிலும் ஹெந்தளையில் எழுதி வைக்கலாம். இவை பெரிய செலவு இல்லை. அதற்கு முதல் நாங்கள் செய்யக்கூடிய சின்ன வேலை ஒன்று இருக்கிறது. வீட்டில் இருக்கிற வயதானவர்களிடம் ஊரைப் பற்றிக் கேட்கும்போது பருத்தித்துறையையும் அட்டனையும் மட்டும் கேட்காமல், இந்த ஒழுங்கையைப் பற்றியும் கேட்பது. இந்த வீட்டுக்கு வந்த முதல் நாள் எப்படி இருந்தது, அப்போது பக்கத்தில் யார் இருந்தார்கள், எரிந்த அன்று யார் கதவைத் திறந்தார்கள் என்று. கேட்டு எழுதி வைத்தால் போதும்.

அடுத்த முறை யாராவது “சொந்த ஊர்?” என்று இரண்டாம் தரம் கேட்டால் என்ன சொல்வது என்று எங்களுக்குள் பேசினோம். ஒருவர் “அம்மாட ஊர் சாவகச்சேரி, என்ர ஊர் வத்தளை” என்று சொல்லிப் பார்த்தாராம். கேட்ட ஐயா கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஓ, அப்ப ஹெந்தளைச் சந்திக்குக் கிட்டவோ?” என்று கேட்டிருக்கிறார்.

“இல்லை ஐயா, கெனல் பக்கம்.”

ஊர்க்காரர் ஒருவரிடம் கேட்கிற கேள்வி அதுதான்.